பொத்தான் டப்பாவில் இருந்த இரண்டு பற்கள்

அன்புள்ள வாலு,

நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். நீயும் அங்கே அப்படியே இருக்கிறாய் என்று ஆரம்பித்துவிட்டு மற்ற சங்கதிக்குப் போகலாம் என்றுதான் உட்கார்ந்தேன், ஆனால் அந்த வரியை எழுதக் கை வரவில்லை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது, உன் பல்லை நினைத்துப் பயமாக இருக்கிறது. சிரிக்காதே. போனில் சொன்னால் நீ அம்மா அப்புறம் பேசறேன் என்று வைத்துவிடுவாய், இல்லையென்றால் பேச்சை மாற்றி என் வாயைக் கிளறி ஊர்க்கதை கேட்பாய், நானும் ஏமாந்து பக்கத்து வீட்டுக்காரி சண்டையைச் சொல்லிவிட்டு வைத்தபிறகு தலையில் அடித்துக்கொள்வேன். தாளில் எழுதினால் நீ நடுவில் குறுக்கே பேச முடியாது அல்லவா, அதனால்தான் பார்சலோடு இதையும் வைக்கிறேன். பார்சலில் நீ கேட்ட இரண்டு சட்டை இருக்கிறது, தோளைக் கொஞ்சம் இறக்கித் தைத்திருக்கிறேன், துவைத்துவிட்டுப் போடு. பேஸ்ட் டியூப் மூன்று இருக்கிறது. அடியில் பழுப்புக் கவர் ஒன்று இருக்கும், அதை மட்டும் இந்தக் கடிதத்தைப் படித்து முடித்தபிறகு பிரி, அவசரக் குடுக்கை மாதிரி முதலிலேயே பிரித்துவிடாதே.

இங்கே விசேஷம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அப்பாவுக்குப் பேட்டரிக் கடையில் வேலை குறைவில்லை, எல்லார் வண்டியும் இப்போதுதான் ஸ்டார்ட் ஆகமாட்டேன் என்று அடம் பிடிக்கிறது. எனக்குப் பள்ளிக்கூட யூனிபாரம் வேலை வந்து குவிந்துவிட்டது, வீடு முழுக்க நீலத் துணி, சாப்பிடும் தட்டில்கூட நூல் கிடக்கிறது என்று அப்பா முணுமுணுக்கிறார். மெஷின் பெல்ட் ஒரு நாள் அறுந்துபோனது, மாற்றியாகிவிட்டது. நீ லீவுக்கு வந்து போனபிறகு உன் அறையில் ஒட்டடை அடித்தேன், நீ விட்டுப்போன செருப்பைத் துடைத்து வைத்திருக்கிறேன். நீ வந்து போனதைப் பற்றித்தான் எழுத வேண்டும். அன்றைக்கு நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஊசியில் நூல் கோர்க்கத் திணறியபோது, கண்ணாடி வாங்கிக்கோ கிழவி என்று என்னைக் கிண்டல் செய்து, குனிந்து நூலைப் பிடுங்கிச் சிரித்தாயே, ஞாபகம் இருக்கிறதா, அப்போது வெயில் உன் முகத்தில் நேராக விழுந்தது. உன் மேல்பல் இரண்டின் நுனியும் கண்ணாடிச் சில்லு மாதிரித் தெரிந்தது, வெளிச்சம் அதற்குள் புகுந்து அந்தப் பக்கம் போனது. என் கண்ணுக்குத்தான் கோளாறு என்று அன்றைக்கு மனசைச் சமாதானம் செய்துகொண்டேன், கண்ணாடி வாங்க வேண்டியவள்தானே. ஆனால் அதற்கப்புறம் நீ செய்ததை எல்லாம் திருடனைப் பார்க்கிற மாதிரிப் பார்க்க ஆரம்பித்தேன். பிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஐஸ் கட்டியைக் கடித்துத் தின்று என்னிடம் திட்டு வாங்கிய பெண், இப்போது பானைத் தண்ணீரையே வாயில் வைத்துச் சூடு பண்ணி விழுங்கினாய். ஆப்பிளைக் கத்தியால் நறுக்கி ஓரப் பல்லில் கடித்தாய். காலையில் நீ பல் தேய்த்து முடித்த பிறகு பார்த்தால் உன் பிரஷ் நனைந்திருந்தது, நான் உனக்காக வாங்கி வைத்த பேஸ்டில் மூடியைச் சுற்றிய சீல்கூடப் பிரியவில்லை.

அதைக் கேட்டதற்கு நீ சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது. "அம்மா, பேஸ்ட் போட்டா அந்தப் புதினா வாசம் நாக்குல ஒட்டிக்கும், எலுமிச்சைக்கும் ஆரஞ்சுக்கும் வித்தியாசமே தெரியாது. எங்க மேஜையில யாருமே பேஸ்ட் தொடமாட்டோம், உப்புதான்." பெருமையாக வேறு சொன்னாய். உன் வேலை எனக்குப் பெருமை இல்லாமல் இல்லை, நாக்குக்குச் சம்பளம் கொடுக்கிற கம்பெனி உலகத்தில் இருக்கிறது என்று நீ சேர்ந்த பிறகுதான் எனக்கே தெரியும். தையலுக்கு வருகிற எல்லாரிடமும் என் மகள் பழரசக் கம்பெனியில் ருசி பார்க்கிறாள், சர்க்கரை ஒரு துளி கூடினால் கண்டுபிடித்துவிடுவாள் என்று பீற்றிக்கொள்வேன். ஆனால் காலையிலிருந்து சாயங்காலம் வரை எலுமிச்சைச் சாற்றையும் வினிகரையும் வாயில் ஊற்றி, பல்லுக்குப் பல் சுழற்றி, துப்பி, உடனே உப்பை விரலில் எடுத்துத் தேய்த்து வாயைச் சுத்தம் செய்துவிட்டு அடுத்த கிண்ணத்தை எடுப்பீர்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பல்லைப் பார்த்து யாரும் சம்பளம் தருவதில்லை, நாக்கைப் பார்த்துத்தான் தருகிறார்கள் என்று சொல்லிவிட்டு நீ குளிக்கப் போய்விட்டாய். நான் அந்தப் பிரியாத பேஸ்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அப்புறம் நீ ஊருக்குப் போய் போன் செய்து, அடுத்த மாதத்திலிருந்து ருசி பார்க்கிற மேஜைக்கு நீதான் தலைமை என்று சொன்னாயே, அன்றைக்கு அப்பா தெருவில் போகிறவரை எல்லாம் நிறுத்திச் சொன்னார். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்த நாற்காலியை விட்டுப் போகிறவர், நீங்கள் எல்லாரும் பெரிய நாக்கு என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறீர்களே, அவரைப் பற்றி நீ சிரித்துக்கொண்டே சொன்னதில் எனக்கு ஒரு துளி சிரிப்பும் வரவில்லை. அவர் ஆண்டுக்கணக்கில் பேஸ்ட் தொட்டதில்லை என்று பெருமையாகச் சொல்வாராம், புதிதாக வருகிறவர்களுக்கு உப்புத் தேய்க்கச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தானாம், பிஸ்கட்டை டீயில் ஊறவைத்துக் கஞ்சியாக்கி ஸ்பூனால் அள்ளிச் சாப்பிடுவாராம், போட்டோ எடுத்தால் வாயைத் திறக்கமாட்டாராம். இதை எல்லாம் வேடிக்கையாகச் சொன்னாய். அவர் ஏன் வேலையை விடுகிறார் என்று நான் கேட்டேன். குளிர்ந்த சாறு வாயில் பட்டால் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடுகிறது, ருசி பார்க்க முடியவில்லை என்றாய். அடியே, நீ என்ன சொன்னாய் என்று உனக்கே புரியவில்லையா, அந்த மனிதர் பிஸ்கட்டை ஊறவைப்பது ருசிக்காக இல்லை, கடிக்க முடியாமல். அந்த நாற்காலியில்தான் உன்னை உட்காரவைக்கப் போகிறார்கள். போனை வைத்தபிறகு நிதானத்துக்கு வர வெகுநேரம் ஆனது.

உன் அப்பா வாயைப் பார்த்து வளர்ந்தவள் நீ, ஆனால் அது எப்படி ஆனது என்று உனக்கு முழுக்கத் தெரியாது, நீ அப்போது சின்னப் பெண். கடையின் பின்பக்கம் ஜன்னல் இல்லாத அறையில் பேட்டரிகளை வரிசையாக அடுக்கி சார்ஜ் போடுவார், ஆசிட் ஆவி பனி மாதிரி நிற்கும், தொண்டை கரகரக்கும், அந்த அறைச் சிமெண்டுத் தரை எங்கே பார்த்தாலும் அம்மைத் தழும்பு மாதிரி பள்ளம் பள்ளமாக இருக்கும். தரைக்குப் பட்டது பல்லுக்கும் படும் என்று எங்கள் இரண்டு பேர் புத்திக்கும் எட்டவில்லை. முன்பல் நாலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையானது. சொத்தை இல்லை, வலி இல்லை, கறுப்பு இல்லை, அதனால் அவரும் கண்டுகொள்ளவில்லை. வலிக்க ஆரம்பித்தபோது பல்லில் பாதி இல்லை, அப்புறம் பக்கத்துப் பற்களும் ஒவ்வொன்றாக உடைந்தன, பிடுங்கினார்கள். அறையில் காற்றாடி மாட்டியது எல்லாம் அதற்கப்புறம். இப்போது தினமும் காலையில் நான் முதலில் பார்ப்பது டம்ளரில் கிடக்கிற அவர் பல் செட்டைத்தான். அவர் அதைப் பார்த்து, இதோ பார் உன்னைப் பார்த்துச் சிரிக்கிறேன் என்று ஜோக் அடிப்பார், நானும் சிரிப்பேன், பழகிவிட்டது. ஆனால் நீ ஊருக்குப் போனதிலிருந்து அந்த டம்ளரைக் கழுவும்போது பக்கத்தில் இன்னொரு டம்ளர் இருக்கிற மாதிரி ஒரு நினைப்பு வருகிறது. அந்த நினைப்பு வந்தால் வேலை ஓடுவதில்லை.

இரண்டு வாரத்துக்கு முன்னால் அப்பாவின் செட் லூசாகி, பேசினால் கழன்று விழுகிறது என்று பல் டாக்டரம்மாவிடம் போனோம். அப்பாவை நாற்காலியில் படுக்கவைத்துவிட்டு அந்தம்மா வேலை பார்க்கும்போதே நான் உன் கதையை ஆரம்பித்துவிட்டேன். அப்பாவால் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு என்னை அடக்க முடியவில்லை, அதுவும் வசதியாகப் போயிற்று. அந்தம்மா கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார். நேரில் பார்க்காமல் எதையும் முடிவாகச் சொல்லமாட்டேன் என்று இரண்டு தடவை சொன்னார், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் நுனி கண்ணாடி மாதிரித் தெரிவது, குளிர்ச்சி கூசுவது, இரண்டும் சேர்ந்தால் புளிப்பு எனாமலைத் தின்னுகிற அறிகுறியாக இருக்கலாம் என்றார். இது சொத்தை இல்லையாம், கிருமிக்கு இதில் வேலையே இல்லையாம், புளிப்பு நேராகப் பல்லின் மேல் பட்டு அதில் உள்ள தாதுச் சத்தைக் கரைத்து எடுத்துவிடுமாம். அதனால்தான் சொத்தை இல்லை, எனக்கு ஒன்றும் இல்லை என்று நீயும் அப்பாவும் ஒரே பாட்டைப் பாடுகிறீர்கள்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். புளிப்பு பட்டதும் பல்லின் மேல்தோல் கொஞ்ச நேரம் இளகிப்போய் நிற்கும். நம் எச்சில் மெதுவாக அந்தப் புளிப்பை அடக்கி, போன சத்தில் கொஞ்சத்தைத் திரும்பக் கொண்டுவந்து வைத்து இறுக்கும். அந்த நேரத்தில் வாயில் ஃபுளோரைடு இருந்தால் சத்து திரும்ப உட்காருவது நன்றாக நடக்குமாம், அப்படி உட்கார்ந்தது அடுத்த புளிப்புக்கு முன்னைப் போல லேசில் கரையாதாம். பேஸ்டில் இருக்கிற விஷயமே அதுதான், நுரையும் புதினாவும் வெறும் அலங்காரம். நீ அந்த அலங்காரம் பிடிக்காமல் விஷயத்தையே தூக்கி எறிந்துவிட்டாய். அதோடு நிற்கவில்லை, பல் இளகி நிற்கிற அந்த நிமிஷம் பார்த்து உப்பை வைத்துத் தேய்க்கிறாய், இளகியது அத்தனையும் வழித்துக்கொண்டு போகிறது. இதைச் சொன்னபோது அந்த டாக்டரம்மாவே உச்சுக் கொட்டினார். நான் உடனே கேட்டேன், இப்போது பேஸ்ட் போட ஆரம்பித்தால் போனது திரும்பி வருமா என்று. வராது என்றார். இளகியதை இறுக்கலாம், கரைந்து போனதை வளர்க்க முடியாது. தையல் விட்டுப்போனால் மறுபடி ஓட்டிவிடலாம், துணியே போய்விட்டால் என்னதான் நூல் இருந்து என்ன செய்ய, எனக்கு அப்படித்தான் புரிந்தது. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அப்பா சரிசெய்த செட்டோடு ஏதோ பேசிக்கொண்டே வந்தார், என் காதில் ஒன்றும் விழவில்லை.

இதற்கப்புறம் நான் செய்ததைக் கேட்டு நீ என்னைத் திட்டுவாய், திட்டிக்கொள். என் பொத்தான் டப்பா உனக்குத் தெரியும், பழைய பிஸ்கட் டின். அதன் அடியில் உன் பால்பல் இரண்டைத் துணியில் முடிந்து வைத்திருந்தேன், மேல்வரிசை முன்பல் இரண்டும், ஒரே வாரத்தில் விழுந்தவை. அப்பாவுக்குக்கூடத் தெரியாது. பொத்தான் தேடும்போதெல்லாம் அந்த முடிச்சு கையில் தட்டுப்படும், பிரித்துப் பார்க்கமாட்டேன், இருக்கிறது என்று தெரிந்தால் போதும். அதை வெளியே எடுத்தேன். நீ லீவுக்கு வந்தபோது கொண்டுவந்த எலுமிச்சைச் சாறு, தண்ணீர் கலக்காதது, ஒரு பாட்டில் அலமாரியில் அப்படியே இருந்தது. இரண்டு ஜாம் மூடியில் அதை ஊற்றி மெஷின் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு மூடியிலும் ஒரு பல். ஒரு பாக்கெட் தைத்து முடிக்கிற நேரம் சாற்றில் கிடக்கும், எடுப்பேன். ஒரு பல்லை எடுத்த உடனே உங்கள் மேஜை வழக்கப்படி உப்பு வைத்துத் தேய்ப்பேன். இன்னொன்றைத் தண்ணீரில் அலசி, கொஞ்ச நேரம் சும்மா விட்டு, அப்புறம் பேஸ்டைப் பூசி வைப்பேன். மறுபடி சாறு, மறுபடி பாக்கெட். யூனிபாரம் முழுக்கத் தைத்து முடிக்கும் வரை இதே கூத்துதான். முதல் நாள் அப்பா பார்த்துவிட்டு, உனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்று கேட்டார். அது யாருடைய பல் என்று சொன்னேன். அதற்கப்புறம் அவர் தினமும் மத்தியானம் சாப்பிட வந்தால் கையைக்கூடக் கழுவாமல் நேராக மெஷின் பக்கம் வந்து எட்டிப் பார்ப்பார்.

உப்புப் பல்லில் முதலில் பளபளப்பு போனது. நீ விட்டுப்போன கண்ணாடி வளையல் பழசாகி மங்குமே, அப்படி. அப்புறம் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. கடைசியில் நகத்தால் சுரண்டினால் மாவு மாதிரி நகத்தில் ஒட்டியது. நுனி மெலிந்து, விரலில் வைத்து ஜன்னல் பக்கம் காட்டினால் வெளிச்சம் ஊடுருவியது. அன்றைக்கு உன் வாயில் நான் பார்த்த அதே வெளிச்சம். பதறியதில் மூடியைத் தட்டிவிட்டேன், சாறு நீலத் துணியில் கொட்டி ஒரு கால்சட்டை வீணாகிப்போனது, வேறு தைத்துக் கொடுத்தேன். பேஸ்ட் பூசிய பல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பொய் சொல்லமாட்டேன், அதுவும் கொஞ்சம் மங்கித்தான் போனது. ஆனால் நுனி நிற்கிறது, நகத்துக்கு மசியவில்லை. இரண்டையும் எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் ஓடினேன். முதலில் சிரித்துவிட்டார். இதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, செத்த பல்லுக்கு எச்சில் கிடையாது, வாயில் நடப்பது வேறு, அதோடு ஒன்றை உடனே தேய்த்தீர்கள் ஒன்றை விட்டுவைத்தீர்கள், எது காப்பாற்றியது என்று எப்படிச் சொல்வது என்றார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு உப்புப் பல்லைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "பேஸ்ட் கவசம் இல்லம்மா, குடை மாதிரி. கொட்டுற மழையில நின்னா குடை பிடிச்சாலும் நனையத்தான் செய்யும். மழையில நிக்கிற நேரத்தையும் குறைக்கச் சொல்லுங்க" என்றார். அதுதான் எனக்குக் கவலை, நீ குடையும் இல்லாமல் மழையிலேயே குடித்தனம் நடத்துகிறாய்.

இப்போது நான் சொல்வதைக் காதில் போட்டுக்கொள், ஒரு காதில் வாங்கி மறு காதில் விடாதே. உன் வேலையை விட்டுவிட்டு வா என்று சொல்லவில்லை, சொல்ல மனசு துடிக்கிறது, ஆனால் சொல்லமாட்டேன், அப்பாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். உங்கள் மேனேஜருக்குப் போன் போட நம்பரைக்கூடத் தேடி எடுத்துவிட்டேன், அப்பாதான் பிடுங்கி வைத்துக்கொண்டு, அவள் வேலையை நீ கெடுத்துவிடாதே, அவளே பேசுவாள் என்றார். நீயே பேசு. நாளைக்கு நீ தலைமை என்றால் மேஜை வழக்கத்தை மாற்றுகிற அதிகாரம் உனக்கு இருக்கிறதா இல்லையா. உப்புக் கிண்ணத்தை முதலில் எடுத்து எறி, அதற்குப் பதிலாக வெறும் தண்ணீர் வைத்துக் கொப்பளிக்கட்டும். சாற்றை வாயெல்லாம் சுழற்றி வைத்திருக்காமல் சட்டென்று ருசி பார்த்துத் துப்ப முடியுமா பார், புளிப்புக் கிண்ணங்களை நாள் முழுக்க இழுக்காமல் ஒரே வேளையில் முடித்துவிட முடியுமா பார். புளிப்பு பட்டதும் பிரஷைத் தொடாதே, ஒரு மணி நேரமாவது போகட்டும். பிரஷ் மெத்தென்று இருக்கட்டும், நீ வைத்திருப்பது பாத்திரம் தேய்க்கிற நார் மாதிரி இருக்கிறது, நான் பார்த்தேன். இரவு படுக்கும் முன் பேஸ்ட் போட்டே ஆகவேண்டும். தூங்கும்போது எச்சில் குறைவாம், அதனால் பேஸ்டில் இருக்கிற விஷயம் பல்லோடு இருக்கட்டும் என்றார் டாக்டரம்மா, தேய்த்தபிறகு துப்பிவிட்டு விட்டுவிடு, தண்ணீர் ஊற்றிக் கொப்பளிக்காதே. இரவு போட்ட வாசனை காலையில் நாக்கில் இருக்காது, அதற்கும் நீ சாக்குச் சொல்லமுடியாது. அங்கே ஒரு நல்ல பல் டாக்டரை இந்த வாரத்திலேயே போய்ப் பார், என்ன வேலை செய்கிறாய் என்று மறைக்காமல் சொல். பெரிய நாக்கையும் கூட்டிக்கொண்டு போ, பாவம், அவருக்கும் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

காலைக்கும் சாக்குச் சொல்வாய் என்று தெரிந்துதான் அந்த மூன்று டியூப். வாசனையே இல்லாத பேஸ்ட் ஒன்று இருக்கிறதாம், ஃபுளோரைடு உண்டு, புதினா கிடையாது. டாக்டரம்மா சொல்லி மருந்துக்கடைக்காரர் வரவழைத்துக் கொடுத்தார். நான் போட்டுப் பார்த்தேன், சுவரை நக்கின மாதிரிச் சப்பென்று இருக்கிறது, ஒரு ருசியும் இல்லை. அப்பா போட்டுப் பார்க்கிறேன் என்றார், உங்களுக்கு எதற்கு, டம்ளரில் போடவா என்று கேட்டேன், ரோஷம் வந்துவிட்டது. கீழ்வரிசையில் இன்னும் நாலு பல் இருக்கிறதாம், அதைக் காப்பாற்றப் போகிறாராம், ஒரு டியூபை எடுத்து வைத்துக்கொண்டார், அதனால்தான் உனக்கு நாலுக்கு மூன்று. ஆனால் என் நாக்கை நம்பாதே, தையல்காரி நாக்கு, நூலை ஈரம் பண்ணத்தான் லாயக்கு. உன் நாக்கில் வைத்துப் பார், ஒரு துளி வாசனையாவது தட்டுப்பட்டால் எழுது, வேறு தேடுகிறேன், எங்கே இருந்தாலும் தேடி அனுப்புகிறேன். ஒன்றும் தெரியவில்லை என்றால் அந்த ஒரு வார்த்தையை மட்டும் எழுது, நான் நிம்மதியாகத் தூங்குவேன். அப்பா ஒரு வரி சேர்க்கச் சொல்கிறார், அவர் சொன்னபடியே எழுதுகிறேன். "நாக்கு சம்பாதிக்கட்டும், பல்ல அதுக்கு அடமானம் வைக்க வேண்டாம்னு சொல்லு. என் வாயி எனக்குப் போச்சு, அவ வாயும் போனா நான் தாங்க மாட்டேன்." சொல்லிவிட்டு எழுந்து கடைக்குப் போய்விட்டார். இன்றைக்குக் கடை லீவு.

இப்போது பழுப்புக் கவரைப் பிரி. உன் பல் இரண்டும் தனித்தனித் துணியில் இருக்கிறது, வெள்ளைத் துணியில் இருப்பது உப்புப் பல், நீலத் துணியில் இருப்பது பேஸ்ட் பல். இரண்டிலும் உன் நகத்தை வைத்துப் பார், நான் சொல்வதைவிட அது சரியாகச் சொல்லும். அவள் ஞாபகமாக இத்தனை காலம் வைத்திருந்ததை இப்படிப் பாழாக்கினாயே என்று அப்பா ஒரு நாள் கேட்டார், எனக்கும் வலித்தது, அந்த முடிச்சு இல்லாமல் டப்பாவில் கை விடவே பிடிக்கவில்லை. அந்தப் பற்கள் விழுந்தபோது நீ கண்ணாடி முன் நின்று ஓட்டை வாயைப் பார்த்து அழுதுகொண்டே இருந்தாய். அழாதே கண்ணு, திரும்ப முளைக்கும் என்று சொன்னேன். நீ நம்பிச் சாப்பிட்டுத் தூங்கிப்போனாய், அது முளைக்கவும் செய்தது. இந்தத் தடவை உனக்குச் சொல்ல என்னிடம் அந்த வார்த்தை இல்லை.

நோய் நொடி அண்டாமல், வாய்விட்டுச் சிரித்து, வேண்டியதைக் கடித்துத் தின்று நூறு வயசு நீ நன்றாக இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் மனசார வாழ்த்துகிறோம். இன்றைக்கு இரவே ஆரம்பி, பட்டாணி அளவு போதும், துப்பு, கொப்பளிக்காதே. அடுத்த போட்டோவில் வாயை மூடிக்கொண்டு நிற்காதே.

உன் பல்லையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா